பன்னிரண்டு சென்டிமீட்டர்

காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருவில் ஒரு சத்தம் கேட்கும். தகரத் தட்டைத் தேங்காய்த் துருவியில் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். பால்காரர் திரும்பிப் பார்க்கமாட்டார். இஸ்திரி வண்டிக்காரர் தலை நிமிர மாட்டார். "சார் ஆபீஸ் கெளம்பிட்டாரு" என்று யாராவது சொல்வதோடு சரி. நான் பிழைப்புக்குக் கிளம்பிவிட்டேன் என்று என் வண்டியின் அடிவயிறு ஊருக்குத் தமுக்கடிக்கும் சத்தம் அது.

வண்டி ஒரு சான் ஸ்டார்ம். 1990களின் கடைசியில் கோவாவில் செய்தார்கள். இரண்டே இருக்கை, கண்ணாடி இழை உடம்பு, துணிக் கூரை, 1149 சிசி ரெனோ எஞ்சின், 60 குதிரைத் திறன். அறுபது குதிரை என்றதும் இன்றைய இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். இருப்பதே இரண்டு பேர், அதிலும் ஒருத்தர் பாதி நாள் வரமாட்டார். இதற்கு இருநூறு குதிரை கட்டி யார் தீனி போடுவது? கல்லூரிக் காலத்து ஆசை. ஒரு பல் டாக்டர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, மூன்றாவது ஓனராகக் கையெழுத்துப் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தேன். அம்மா வாசலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்றாள். இதில் வண்டி எது, கழுதை எது என்று ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து, படம் பிடித்துப் போட்டுவிட்டுப் போர்வை போர்த்துகிற ஜாதி இல்லை நான். எனக்கு இருப்பது இந்த ஒரு கார்தான். ஆபீசுக்கு இது, காய்கறிக்கு இது, மகளை டியூஷனிலிருந்து கூட்டிவர இது. மழை பெய்தால் துணிக் கூரையின் இடது ஓரத்தில் சொட்டும். அந்தப் பக்கம் உட்காருகிறவர் மடியில் ஒரு துண்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது குடும்ப ஏற்பாடு. முட்டி வலிக்கார அப்பா ஏறும்போது முருகா என்பார், இறங்கும்போது முருகனோடு சேர்த்து என்னையும் கூப்பிடுவார்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டு ஏன் இதை ஓட்டுகிறாய் என்று கேட்பவர்களுக்குச் சின்னதாக ஒரு சரித்திரம். லோட்டஸ் நிறுவனத்தை 1952இல் தொடங்கிய காலின் சாப்மன் என்ற ஆங்கிலேயருக்கு எடை என்றாலே ஆகாது. எஞ்சினைப் பெரிதாக்கினால் நேர்ச் சாலையில் மட்டும் வேகம் கூடும், எடையைக் குறைத்தால் வளைவு, பிரேக், டயர், பெட்ரோல் என்று எல்லாவற்றிலும் லாபம் என்பது அவர் கட்சி. அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1996இல், அந்தக் கம்பெனி எலீஸ் என்றொரு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுமினியச் சட்டங்களை வெல்டிங் வைக்காமல் பசை போட்டு ஒட்டிய அடிச்சட்டம். அதன் எடை 68 கிலோ. நம்மூரில் கொஞ்சம் தொப்பை போட்ட ஒரு மாப்பிள்ளை அவ்வளவு இருப்பார். ஜப்பானில் மாஸ்டா இதே கொள்கையில் 1989இல் எம்எக்ஸ்-5 என்ற வண்டியைக் கொண்டுவந்து, 2016க்குள் பத்து லட்சம் செய்துவிட்டது. குதிரையும் வீரனும் ஒரே உடம்பு என்று பொருள்படும் சொல் ஒன்று ஜப்பானிய மொழியில் இருக்கிறது. அதைத்தான் தங்கள் தாரக மந்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த ஒரே உடம்பு என்பது என்ன என்று எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கில் டயரின் நாடி தெரியும். தார் ஈரமா, மணல் கிடக்கிறதா, ஓரம் சரிகிறதா என்று முதுகெலும்புக்கு முதலில் சேதி வரும். நல்ல சாலையில் இதைவிடச் சின்னச் சந்தோஷமும் இல்லை, பெரிய சந்தோஷமும் இல்லை.

என் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. சாலையோடு ஒட்டி உறவாடச் செய்த வண்டி இது. உறவாடுவதற்குச் சாலை என்று ஒன்று வேண்டுமே!

வீட்டிலிருந்து அலுவலகம் 11 கிலோமீட்டர். வழியில் 37 வேகத்தடைகள். எண்ணியிருக்கிறேன். பள்ளங்களை எண்ணவில்லை. அவை குடும்பக் கட்டுப்பாடு அறியாதவை. பாதாளச் சாக்கடை மூடிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கின்றன. சாலைக்கு மேலே ஒரு சாண் எழுந்து நிற்கும் ஆளுங்கட்சி, கீழே ஒரு சாண் அமுங்கிக் கிடக்கும் எதிர்க்கட்சி. சாலையின் மட்டத்துக்கு இருக்கிற மூடி ஒன்றைக்கூட நான் சந்தித்ததில்லை. கேபிள்காரர் தோண்டியது, குடிநீர்க்காரர் தோண்டியது, முந்தின நாள் மூடியதை மறந்துவிட்டு மறுபடி தோண்டியது என்று குறுக்கே ஓடும் வெட்டுகளுக்குத் தனிக் கணக்கு.

ஒருநாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சத்தம் மாறியது. தேங்காய்த் துருவி போய், இரும்புக் கடையில் மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். சம்ப் உடைந்து, எஞ்சின் ஆயில் அத்தனையும் தெருவில் கோலம் போட்டிருந்தது. மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, வண்டி மேல தப்பில்ல. அளந்து பாருங்க, அது ஸ்பீடு பிரேக்கர் இல்ல, மதில்" என்றார்.

அளந்தேன். மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு, கைலியோடு நடுத்தெருவில் மண்டியிட்டேன். முதலில் என் வண்டி. ஸ்பிரிங் தளர்ந்த வயதான வண்டி, வயிற்றுக்கும் தரைக்கும் 12 சென்டிமீட்டர். அடுத்து வேகத்தடை. உயரம் 19 சென்டிமீட்டர். ஏறி இறங்கும் அகலம் 45 சென்டிமீட்டர். வெள்ளைக் கோடு இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. பக்கத்தில் நின்ற நாய் மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

இதற்கு இந்த நாட்டில் ஓர் அளவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இந்தியன் ரோடு காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு 1934இலிருந்து இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம், கட்சி இல்லை, சாலைப் பொறியாளர்களின் சபை. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் 1988இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். உயரம் 10 சென்டிமீட்டர். அகலம் 3.7 மீட்டர். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு போல மெல்ல எழுந்து மெல்ல இறங்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் நிம்மதியாகத் தாண்டலாம். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட வேண்டும், முன்னாலேயே பலகை வைக்க வேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அளவில் கட்டியிருந்தால் என் பன்னிரண்டு சென்டிமீட்டர் வண்டி, கோயில் யானை பிராகாரத்தில் நடப்பதுபோல உரசாமல் தாண்டிவிடும். குனிந்தவன்மேல் குற்றமில்லை. கொட்டியவன் கைதான் அளவு தெரியாத கை.

அளவுகளை எழுதி, போட்டோ எடுத்து, மனுவாக்கிக்கொண்டு வார்டு அலுவலகம் போனேன். அங்கிருந்த இன்ஜினீயர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார். மனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது எங்க எஸ்டிமேட்லயே இல்லையே."

"அப்ப யார் போட்டது?"

"பப்ளிக் போட்டிருப்பாங்க."

"பப்ளிக்குக்குத் தார் ஏது சார்?"

சிரித்தார். "ரோடு போடறப்ப லேபர் கையில எதாவது குடுத்தா, மிச்சம் இருக்கறத ஒரு கொட்டு கொட்டிட்டுப் போவான்."

"இல்லாத ஒண்ணுதானே, எடுத்துடலாமே?"

"எடுத்தா பிரச்சினை பண்ணுவாங்க சார். போட்டதுக்கு ரெக்கார்டு இல்ல. எடுக்கறதுக்கு மட்டும் நான் எப்படி ஃபைல் போடறது?"

உண்மைதானே? பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு இறப்புச் சான்றிதழ் எப்படித் தருவார்? நான் எழுந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க சார். ஒரு டவுட்டு. இவ்ளோ தாழ்வான வண்டிய ஏன் வாங்கினீங்க?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் அந்த வேகத்தடைமேல் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரம் ஏற்றி, மறு சக்கரம் ஏற்றி, நண்டு மாதிரி நான் தாண்டிக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. நன்றி.'

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாரை யார் கொட்டச் சொன்னார்கள் என்று பிறகு விசாரித்தேன். நான்காவது வீட்டுக்காரர். நடைபாதை இல்லாத எங்கள் தெருவில், டியூஷன் முடிந்து வந்த அவருடைய பேரனை ஒரு பைக் இடித்துவிட்டுப் போயிருக்கிறது. நாலு மனு போட்டிருக்கிறார். நாலும் என் மனுவைப் போலவே தீர்க்கப்பட்டிருக்கின்றன. கடைசியில் தானே தீர்த்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முப்பத்தேழில் பாதியாவது இப்படி, காகிதத்தில் எழுதிச் சலித்தவர்கள் தாரில் எழுதிய மனுவாக இருக்கும். மீதிப் பாதி வட்டச் செயலாளர் வீட்டு வாசலிலும் கல்யாண மண்டப வாசலிலும் இருக்கிறது. அவை மனு இல்லை, விலாசம்.

இந்த மதில்களைத் தகர்க்க முடியாது என்று நினைத்திருந்தேன். போன வருஷம் ஒரு பெரிய மனிதர் ஒரு திறப்பு விழாவுக்காக எங்கள் பகுதி வழியாகப் போவதாகச் சேதி வந்தது. அன்றிரவு ஜேசிபி வந்தது. ரெக்கார்டு இல்லை, ஃபைல் இல்லை, பிரச்சினை பண்ணவும் யாரும் இல்லை. விடிந்தபோது ஏழு வேகத்தடைகளைக் காணவில்லை. பள்ளங்களில் தார் பளபளத்தது. நான் இரண்டு நாள் மூன்றாவது கியரில் ஆபீஸ் போனேன். துருவிச் சத்தம் கேட்காததால் இஸ்திரிக்காரர், "சாருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று வீட்டில் விசாரித்தாராம். பத்தாம் நாள் ஏழும் திரும்பி வந்தன. கூட ஒரு குட்டி போட்டிருந்தன.

ஆக, தெரியாமல் இல்லை. பெரியவருடைய வண்டி அரையடி உயரத்துக்குமேல் நிற்கிற வண்டிதான். அதற்கு எந்த மதிலும் பொருட்டில்லை. ஆனாலும் உயரத்தில் இருப்பவருக்குத்தான் சாலையைச் சமமாக்குகிறார்கள். தாழ்ந்து இருப்பவனிடம், ஏன் தாழ்ந்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். இந்த ஊருக்கு அந்தக் கேள்வி புதிதில்லை. வண்டிகளுக்கு வருவதற்கு முன்பே மனிதர்களிடம் நூறு நூறு வருஷமாகக் கேட்டுப் பழகிய கேள்விதான்.

எதிர்வீட்டு நண்பர் அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டார். அவரும் முன்பு என்னைப் போலப் பள்ளத்தைத் திட்டினவர்தான். சின்ன கார் வைத்திருந்தபோது இரண்டு முறை என்னோடு மனுவில் கையெழுத்தே போட்டிருக்கிறார். இப்போது எஸ்யூவி வாங்கிவிட்டார். அதன் பானெட் என் மகளின் மோவாய் உயரத்துக்கு இருக்கிறது. "ரோடு ஒண்ணும் அவ்ளோ மோசமில்லையே சார்" என்கிறார். அங்கே மேலே உட்கார்ந்து பார்த்தால் மோசமில்லைதான். மூன்றாவது மனுவில் அவர் கையெழுத்து இல்லை.

என் கோபம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. குடிநீர் சரியில்லையா, கேன் வாங்கு. கரண்டு நிற்கிறதா, இன்வெர்ட்டர் வாங்கு. அரசுப் பள்ளி சரியில்லையா, தனியாருக்குப் பணம் கட்டு. சாலை சரியில்லையா, உயரம் வாங்கு. குரல் கொடுத்தால் கேட்கக்கூடிய ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு மேலே ஏறிவிடுகிறார். கீழே மிச்சம் இருப்பவர்களின் குரல் வார்டு அலுவலகத்தின் முதல் மாடிக்குக்கூட எட்டாது. இன்றைக்கு இந்தியாவில் விற்கிற புது கார்களில் பாதிக்குமேல் இந்த உயர்ஜாதி வண்டிகள்தான். கரடுமுரடான சாலைக்காக என்று விளம்பரத்தில் மலை ஏறுகிறது, ஆற்றைத் தாண்டுகிறது. வாங்குகிறவர் ஜிம்முக்குப் போய் நடக்கும் எந்திரத்தில் நடந்துவிட்டு வருகிறார்.

அமெரிக்காவில் 2023இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது அங்குலத்துக்குமேல் பானெட் உயரம் உள்ள வண்டி மோதினால் நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த பானெட் உள்ள காரைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்கிறது. மேலே ஏறினவருக்குக் கிடைத்த பாதுகாப்பு வானத்திலிருந்து வரவில்லை. கீழே நடக்கிறவரிடமிருந்து பிடுங்கியது. சாலைப் பொறியாளர்கள் 1950களின் கடைசியில் இல்லினாயில் லாரி ஓட்டிப் பார்த்துக் கண்ட தோராயமான விதி ஒன்றும் உண்டு. அச்சின்மேல் ஏறும் எடை கூடினால் சாலைக்கு நேரும் சேதம் அதன் நான்காம் அடுக்கில் கூடும். ஒரு டன் வண்டிக்குப் பதில் இரண்டரை டன் வண்டி போனால் சேதம் இரண்டரை மடங்கு அல்ல, முப்பத்தொன்பது மடங்கு. லாரியும் பஸ்ஸும் தேங்கிய தண்ணீரும் செய்கிற நாசத்துக்கு முன்னால் எந்தக் காரின் நாசமும் கொசுறுதான். ஆனாலும் கொசுறிலும் நியாயம் வேண்டாமா? 2024 பிப்ரவரியில் பாரிஸ் நகரத்தில் கனத்த கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கலாமா என்று ஓட்டு வைத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் நிறைவேறியது. 1.6 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் வண்டியை வெளியூர்க்காரர் நகர நடுவில் நிறுத்தினால் மணிக்கு 18 யூரோ. நம்மூரில் சாலை வரியை வண்டியின் விலையைப் பார்த்துப் போடுகிறார்கள். சாலைமேல் அது எத்தனை கனமாக உட்காருகிறது என்று கேட்க ஆளில்லை.

நம்முடைய அரசுக்கு அளக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்யூவிக்குக் கூடுதல் வரி போட்டபோது, எது எஸ்யூவி என்று கேள்வி வந்தது. 1500 சிசிக்கு மேல் எஞ்சின், நான்கு மீட்டருக்கு மேல் நீளம், தரையிலிருந்து 170 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரம் என்று வகுத்தார்கள். அந்த 170 மில்லிமீட்டரை ஆள் ஏற்றி அளப்பதா, காலியாக அளப்பதா என்று தகராறு வந்தது. 2023இல் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, காலி வண்டியை அளக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. யோசித்துப் பாருங்கள். மாநிலங்களின் நிதியமைச்சர்கள் எல்லாம் ஒன்றுகூடி, காரின் வயிற்றுக்கும் பூமிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் விவாதித்திருக்கிறார்கள். அந்தப் பூமியின்மேல் எழுப்பிய மதில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க, கைலி கட்டிய நான் ஒருவன்தான் மகளின் ஸ்கேலோடு மண்டியிட வேண்டியிருக்கிறது.

லேசின் ஆசாரியர் சாப்மனைப் பற்றிச் சொன்னேனே, அவர் மடம் என்ன ஆயிற்று தெரியுமா? எலீஸ் வண்டியை 2021இல் நிறுத்திவிட்டார்கள். 2023 நவம்பரில் லோட்டஸ் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தது. கொண்டுவந்தது எலேத்ரே என்ற எஸ்யூவி. எடை ஏறக்குறைய இரண்டரை டன். விலை இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். சைவ மடத்தின் வாசலில் பிரியாணிக் கடை திறந்தாயிற்று. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எந்த ஊரில் எது விற்கும் என்று வியாபாரிக்குத் தெரியும்.

வண்டியை விடுங்கள், வீட்டுக்கு வாருங்கள். அப்பா 1987இல் கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வர வேண்டும். இப்போது இரண்டு படி இறங்கி வருகிறோம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேல் ஒரு அடுக்கு, அதன்மேல் இன்னொரு அடுக்கு என்று தோசைமேல் தோசையாக ஊற்றியதில் தெரு எங்கள் ஜன்னலை எட்டிப் பார்க்கிறது. மழை வந்தால் தெருத் தண்ணீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பூஜையறை வரை வருகிறது. சாலை போடும்போது பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் ஒரு தோசை விழுந்தது. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கித் தருகிறோம் என்று இப்போது ஆட்கள் துண்டுச்சீட்டு கொடுக்கிறார்கள். ஒரு அடி தூக்க இத்தனை ரூபாய் என்று ரேட்டும் இருக்கிறது. வீட்டுக்கும் உயரம் வாங்கு! அப்பா அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "நான் தாழ்வா கட்டலப்பா, ஊரு ஒசந்துடுச்சு" என்றார்.

இந்த மாநகரத்தில் தாழ்வான வண்டிக்கு ஏற்ற சாலையே போட முடியாதா? முடியும். போட்டார்கள், பார்த்தேன். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு இரவுகள், தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலில் ஊர் மிதந்ததால் தள்ளிப்போனது. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை வழியாக மூன்றரை கிலோமீட்டர். என் வண்டி அந்தப் பந்தய வண்டிகளுக்கு முன்னால் ஒட்டகம். அவை பூமியை நக்கிக்கொண்டு ஓடும் ரகம். சர்வதேச அமைப்பிலிருந்து ஆள் வந்து தடத்தைச் சோதித்துச் சான்றிதழ் தந்தால்தான் ஓட்டலாம். அந்தச் சான்றிதழ் தாமதமாகி முதல் நாள் பந்தயமே தாமதமானது. ஒரு மூடி துருத்தக் கூடாது, ஒரு வெட்டு தெரியக் கூடாது. தெரியவில்லை. இரவு விளக்கில் அந்தத் தார், பட்டுச் சேலைக் கரை போல வழுவழுவென்று ஓடியது.

மோட்டார் பந்தயத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த ஊர் இது, இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வைத்திருக்கிற ஊர் இது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஆனபோது நான் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். என் வயிற்றெரிச்சல் வேறு. நம் ஆட்களுக்கு மில்லிமீட்டர் சுத்தமாகச் சாலை போடத் தெரியும் என்று அந்த இரண்டு இரவுகள் நிரூபித்துவிட்டன. தெரியாது, முடியாது, பட்ஜெட் இல்லை, மண் சரியில்லை, மழை அதிகம் என்று நாற்பது வருஷமாகச் சொன்ன சமாதானங்கள் அத்தனையும் அந்த மூன்றரை கிலோமீட்டரில் செத்துக் கிடக்கின்றன. கையில் அளவுகோலோடு ஒருவன் வந்து நின்று, சரியில்லையென்றால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றான். அவ்வளவுதான் ரகசியம். எங்கள் தெருவுக்கு அப்படி ஒருவன் வரவில்லை. நாங்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும் எங்கள் புகார் தீர்ந்துவிடுகிறது.

என் சம்ப் உடைந்த கதையை இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். அது பதினாறாயிரம் ரூபாய்க் கதை, கேட்டுச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத கதை போன கார்த்திகையில் நடந்தது. எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கும் அக்கா, மகன் ஓட்ட, டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார்ந்து, மடியில் மாவுத் தூக்கோடு இரவு ஒன்பது மணிக்கு வந்திருக்கிறார். தெருவிளக்கு எரியவில்லை. கோடு போடாத அதே வேகத்தடை. காறை எலும்பு முறிந்தது. மாவு வெள்ளையாகத் தெருவில் பரவி, அந்த வேகத்தடைக்குப் பிறந்ததிலிருந்து முதன்முறையாக வெள்ளைக் கோடு கிடைத்தது. கூடிய கூட்டத்தில் ஒருவர், "பின்னாடி ஒக்காந்தா கெட்டியா புடிச்சிக்க வேணாமா?" என்றார். இன்னொருவர், "பையன் பார்த்து ஓட்டிருக்கணும்" என்றார். மூன்றாமவர், "இந்த வயசுல எதுக்கு வண்டில ஏறணும்?" என்றார். இன்ஜினீயர் எனக்கு டீ வாங்கித் தந்து கேட்ட அதே கேள்வி, டீ இல்லாமல்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இரண்டு சக்கரத்தில் போனவர்கள். பள்ளங்களில் விழுந்து செத்தவர்கள் மட்டும் 1,856 பேர். இது மத்திய அரசே அச்சடித்த கணக்கு. 2013இலிருந்து 2017 வரை பள்ளங்களால் 14,926 பேர் செத்ததைப் பார்த்து, எல்லையில் சாகிறவர்களைவிட இது அதிகமாக இருக்குமே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் அதிர்ந்துபோனது. எல்லையில் செத்தவருக்குத் தெருவுக்குப் பெயர் வைக்கிறோம். தெருவில் செத்தவருக்கு, கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டாமா என்று புத்தி சொல்கிறோம்.

வண்டியை விற்கச் சொல்லி வீட்டில் சொல்கிறார்கள். எதிர்வீட்டு நண்பர் நல்ல விலைக்கு ஓர் எஸ்யூவி பார்த்துத் தருவதாகச் சொல்கிறார். விற்கப்போவதில்லை. இந்த ஊரின் தரையை உள்ளபடி எனக்குச் சொல்கிற ஒரே பொருள் அந்த வண்டிதான். மேலே ஏறிவிட்டால் எனக்கும் ரோடு அவ்வளவு மோசமாகத் தெரியாது என்பதுதான் பயம். நாலாவது மனுவில் என் கையெழுத்தும் காணாமல் போய்விடும்.

வாசகரே, அடிஸ்கேல் ஒன்று பத்துப் பதினைந்து ரூபாய்க்குள் கிடைக்கிறது. நாளைக் காலை உங்கள் தெரு வேகத்தடையை அளந்து பாருங்கள். பத்து சென்டிமீட்டருக்குமேல் இருந்தால், அகலம் 3.7 மீட்டர் இல்லாவிட்டால், அந்த அளவைப் பெரிய எழுத்தில் பக்கத்துச் சுவரிலேயே எழுதிவையுங்கள். புகார் எண் வாங்க வேண்டாம், அது தீர்ந்துவிடும். சுண்ணாம்பில் எழுதியதை அழிக்கவாவது யாராவது நேரில் வர வேண்டும். என் மகளின் ஸ்கேலில் பத்துக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஸ்கேல் இல்லாதவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போகலாம். தெருவிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும், பார்த்து வாருங்கள்.